மகமையும் முறையும்: விருதுநகர் வட்டாரத்தில் ஊர்த்தலைமை பயின்ற வரலாறு

தலைமை பிறப்பால் வருவதா, பயிற்சியால் வருவதா என்னும் வினா பழமையானது. அரசர் வரலாற்றை எழுதுவோர் இவ்வினாவைப் பெரிதும் எழுப்புவதில்லை. மரபுரிமையே அங்கு விடையாகி விடுகின்றது. ஆனால் ஊரவை, வணிகர் குழு, அறச்சங்கம் முதலியவற்றின் வரலாற்றை ஆராய்வோர் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது. முடியும் படையும் இல்லாத மக்கள், தமக்குள் சிலரைத் தலைவராக்கி, அத்தலைவர்க்குப் பொதுப்பொருளைக் காக்கவும் கணக்குக் காட்டவும் கற்பித்தது எங்ஙனம் என்பதை விருதுநகர் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் நாள் பட்டாசு ஆலையொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். பொதுநிதி திரட்டிப் பள்ளி கண்ட வட்டாரமும், தொழிலாளர் கூட்டமாக மாண்ட வட்டாரமும் ஒன்றே. ஒரே மண்ணில் இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையான வினா.

1. முன்னை மரபு

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. முப்பது குடும்புகளாக ஊர் பகுக்கப்பட்டமையும், 35 அகவைக்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என்னும் விதியும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. ஆயினும் நம் நோக்கிற்கு அவற்றினும் சிறந்தவை வேறு இரு விதிகள் ஆகும். அண்மை மூவாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுவர் என்பது மற்றொன்று. முன்னைய விதி பொறுப்பைப் பலர் கைக்கு மாற்றுகின்றது. பின்னைய விதி அப்பொறுப்பைப் பொதுக்கண்ணுக்கு உட்படுத்துகின்றது. பொறுப்பு மாறி வருவதனால் பலர் ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்க்கக் கற்பர். கணக்குக் காட்டவேண்டி இருப்பதனால் நேர்மையாகக் கற்பர். இவ்விரு விதிகளும் கூடிய இடத்தில் ஊரவையே ஒரு பள்ளியாகி விடுகின்றது.

வணிகர் குழுக்களிடமும் இதற்கு ஒத்த மரபு ஒன்று இருந்தது. முன்னை இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்ததும் இன்று சிவகங்கை மாவட்டத்துள் அமைந்ததுமான பிரான்மலையில், 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வணிகர் கல்வெட்டொன்று உளது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, நூல் முதலிய சரக்குகளின்மேல் வணிகர் தாமே விதித்துக்கொண்ட கொடையை அஃது அளவுடன் வரையறுக்கின்றது. அரசன் விதித்த வரியன்று அது. விற்போரும் வாங்குவோரும் கூடித் திருப்பணிக்கென ஒதுக்கிய பங்கு. பிற்காலத்து மகமை இவ்வகை வழக்கத்தோடு உறவுடையதெனக் கருத இடமுண்டு. நேரான தொடர்ச்சி என்று துணிதற்குச் சான்று போதாது. வடிவொற்றுமையையே நாம் சுட்டுகின்றோம்.

2. உறவின்முறை என்னும் பயிற்சிக்களம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்து வாணிகம் செய்தனர். வண்டிச் சரக்கிற்கும் ஆளுக்கும் காவல் வேண்டியிருந்த காலம் அது. பேட்டையைப் பயன்படுத்திய வணிகர் ஒவ்வொருவரும் சரக்களவிற்கு ஏற்ப ஒரு சிறுதொகையைப் பொதுநிதிக்கு ஈந்தனர். இந்நிதியே மகமை எனப்பட்டது. மணமான ஆடவர் ஒவ்வொருவரும் தலைக்கட்டாக எண்ணப்பட்டு உறவின்முறையில் இடம்பெற்றனர். அதன் பொறுப்பாளர் முறைகாரர் எனப்பட்டனர். மகமை தண்டும் கடமை அவரிடையே முறைவைத்து மாறி வந்தது. ‘முறை’ என்னும் சொல் உறவையும், ஒழுங்கையும், மாறிவரும் வரிசையையும் ஒருங்கே உணர்த்துதல் ஈண்டு நோக்கத்தக்கது. நிறுவனத்தின் இயல்பு முழுவதும் அப்பெயருள்ளேயே அடங்கி நிற்கின்றது.

மகமை காவலுக்கும் கோயிலுக்கும் மட்டும் செலவாகி இருப்பின் அது வணிகர் தற்காப்பாக நின்றிருக்கும். 1885இல் விருதுநகரில் மகமை கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை நிறுவப்பட்டபோது அதன் பொருள் விரிந்தது. வீடுதோறும் உலையிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கு அளித்த பிடியரிசி வழக்கமும் அவ்வூரில் இருந்தது. மகமை ஆடவர் கையில் கடையினின்று வந்தது. பிடியரிசியோ பெண்டிர் கையில் அடுக்களையினின்று வந்தது. அவையில் இடம்பெறாத மகளிர் அறத்தில் இடம்பெற்ற செய்தி இஃது. ஆயினும் அரிசி அளித்த கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லாதிருந்தமையை நாம் மறைத்தல் கூடாது.

1910இல் தோன்றிய நாடார் மகாசன சங்கம் இப்பயிற்சியை ஊர் எல்லைக்கு அப்பாற் கொண்டுசென்றது. மாணவர்க்கு அது வழங்கிய கல்விக்கடன் குறிப்பிடத்தக்கது. கடனாகப் பெற்றுப் பின் திருப்பிச் செலுத்தும் மாணவன், தனக்குப் பின் வருவோன் கல்விக்குத் தானும் பொறுப்பாளன் ஆகின்றான். இதனைக் கொடையாளனைப் பயிற்றும் முறை எனினும் பொருந்தும்.

3. இருவகை விளைவு

இக்களத்தின் அருகே வளர்ந்தவர்களுள் இருவரைச் சுட்டுவது போதும். பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுர மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபொழுது, ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்டார். தம் சமூகத்திற்கு உரிமை வேண்டி நின்ற மரபில் வந்தவர், பிறர் உரிமைக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்தினார் என்பதே இச்செய்தியின் சிறப்பு.

மற்றொருவர் காமராசர். 1903 சூலை 15இல் விருதுநகரில் பிறந்து, க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்று, இளமையிலேயே படிப்பை நிறுத்திக் கடையில் அமர்ந்தவர். 1954இல் முதலமைச்சரானபின் அவர் காலத்தில் விரிந்த பகலுணவுத் திட்டம் தொடக்கத்தில் ஊரார் நன்கொடையையே பெரிதும் சார்ந்திருந்தது. அரசின் நிதி அடுத்துச் சேர்ந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியதைத் தாமே ஈட்டித் தரும் முயற்சிகளே. பிடியரிசிப் பள்ளியில் அமர்ந்த சிறுவனின் நினைவே இத்திட்டங்களை ஆக்கிற்று என்று கூறின் அது மிகைப்படும். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முதலியோர் உழைப்பும் அவற்றில் உண்டு. எனினும் ஊரார் கொடையும் அரசின் பொறுப்பும் இணையலாம் என்னும் நம்பிக்கைக்கு விருதுநகர் ஒரு முன்மாதிரியாக அமைந்தது என்பது மறுக்கவியலாதது.

4. மரபின் எல்லை

இனி மரபின் குறையைக் கூறுதலும் ஆராய்ச்சியின் கடமையாகும். உத்தரமேரூரில் நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தண ஆடவரே வாரியம் செய்தனர். உறவின்முறையில் ஒரே சாதியின் மணமான ஆடவரே தலைக்கட்டாயினர்; அவருள்ளும் செல்வர் சொல் மிகுதியும் எடுபட்டது. முறை தவறியோரைத் தண்டிக்கவும் விலக்கவும் அவ்வமைப்பு வல்லதாயிருந்தது. எனவே இவ்விரு பள்ளிகளும் நன்கு கற்பித்தன. ஆனால் எல்லார்க்கும் கற்பிக்கவில்லை.

இக்குறை தொழில் வளர்ந்த காலத்தில் பெரிதாயிற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அதன்பின் பட்டாசும் அச்சும் இப்பகுதியில் வேரூன்றின. மானாவாரி நிலமும் பொய்க்கும் மழையும் உடைய ஊர்களிலிருந்து பல சாதியினரும், சிறப்பாக மகளிரும், இவ்வாலைகட்கு வந்தனர். முதலீட்டாளர்க்குச் சங்கம் இருந்தது, கடன் இருந்தது, கணக்கறிந்த தலைவர் இருந்தனர். மருந்தறையில் அமர்ந்தோர்க்கு அத்தகைய பள்ளி எதுவும் இல்லை. குழந்தை உழைப்பைப்பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோதும், 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டபோதும், அவர்களுக்காகப் பேசியவர் பெரும்பாலும் வெளியாரே. அச்சங்குளத்தில் விபத்து நிகழ்ந்தபின் ஆலைகளை உள்குத்தகைக்கு விடும் வழக்கம் பேசப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. இவை அனைத்தும் விபத்தின் பின் வந்தவை.

விபத்தின் முன் பேசவேண்டியவர் யார்? 1987இல் திருத்தம் பெற்ற தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான தொழிற்கூடங்களில் தொழிலாளரும் நிருவாகத்தாரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை வகுத்தது. உத்தரமேரூர் வாரியத்தை ஒத்த இருக்கை ஒன்று சட்டத்தில் தோன்றிவிட்டது. ஆனால் இருக்கை இடுதல் வேறு. அதில் அமர்ந்து, வெயிலில் மருந்து காய்கின்ற அளவையும் அறையில் இருப்போர் தொகையையும் அஞ்சாது கேட்கப் பயிற்றுதல் வேறு. முன்னதைச் சட்டம் செய்யும். பின்னதை உடனுறைவோரே செய்யவியலும்.

அதற்கு வழி இல்லாமலில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பின் மகளிர் திட்டமாக விரிந்த முயற்சியில், 12 முதல் 20 மகளிர் கொண்ட குழுக்கள் அமைந்தன. ஊக்குநர் என்றும் பிரதிநிதி என்றும் அவர்கள் தம்முள் சிலரைத் தேர்ந்தனர். தொண்டு நிறுவனத்தார் அவர்க்குக் கூட்டம் நடத்தவும் ஏடு எழுதவும் பயிற்சி அளித்தனர். சாதியும் சொத்தும் கேளாத முறை இது. பிடியரிசி அளித்த கைக்கே கணக்கேடும் வந்து சேர்ந்தது. சேமிப்பும் கடனுமாகிய எல்லையோடு இப்பயிற்சி நின்றுவிடுகின்ற இடங்கள் பல. ஆலை வாயிலுக்குள்ளும் அது செல்லுமாயின் அச்சங்குளம் போன்ற ஊர்கட்குப் பயன் பெரிதாகும்.

5. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தலைமை என்பது பொதுப்பொருளைக் கையாண்டு, முறைவைத்து விட்டுக்கொடுத்து, கணக்குக் காட்டிப் பயிலப்படுவது என்பது புலனாகும். விருதுநகர் வட்டாரம் இப்பயிற்சியைத் தமிழகத்திற்குச் சிறப்பாகக் காட்டியது. அதனால் விளைந்த பள்ளிகளும் தலைவர்களும் நாடறிந்தவை. அப்பயிற்சி யார்யார்க்கு எட்டவில்லை என்பதை அச்சங்குளம் காட்டியது. மகமையின் வரலாற்றை எழுதுவோர் அதன் கொடையோடு நில்லாமல், அதன் தலைக்கட்டுக் கணக்கில் எண்ணப்படாதோரையும் எண்ணுதல் வேண்டும். பேட்டை வணிகர் தமக்கெனக் கண்ட முறையை மருந்தறைத் தொழிலாளரும் தமக்கெனக் காணும் நாளிலேயே அவ்வரலாறு நிறைவுறும்.