பேர்: தோட்டத் தமிழின் ஒரு சொல்

"இன்னைக்கிப் பேர் போட்டாங்களா?"

"அரைப்பேருதான்."

இலங்கை மலையகத்தின் ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் இந்தப் பேச்சுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பேர் என்றால் ஒரு நாள் வேலை. அந்த வேலைக்குரிய கூலி.

இச்சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. ஆளை அழைப்பது பேர். புகழ் பெற்றவன் பேரெடுத்தவன். தலை எண்ணும்போது பத்துப் பேர். தொல்காப்பியர் சொல்வகைகளுள் ஒன்றைப் பெயர் என்று பகுத்து, பெயரியல் என ஓர் இயலே வகுத்தார். வினையாக நின்றால் பெயர்தல், இடம்விட்டு நகர்தல். நாட்கூலி என்னும் பொருளைச் சேர்த்தது தோட்டம்.

பிரெஞ்சுக்காரர் அன்றாடம் வழங்கும் 'ழூர்னே' என்ற சொல்லும் நாள், நாள்வேலை, நாட்கூலி என விரிகிறது. அங்கே பொழுதே கூலிக்குப் பெயராயிற்று. இங்கோ காலையில் வேலைக்குத் திரளும் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோல் என்னும் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே நாளைப் பதிந்தார்கள். பதிவு இல்லையேல் கூலி இல்லை. பதியப்பட்ட பெயரே கூலியைக் குறிக்கலாயிற்று என்று கொள்வது பொருந்தும்.

முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தராசு தீர்மானிக்கிறது. மடுவம் என்னும் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். கழித்தபின் தோட்டம் குறித்த கிலோ தேறாவிட்டால், பொழுதெல்லாம் மலையில் நின்று எடுத்தவளுக்கும் அரைப்பேர்தான் விழும்.

செக்ரோலில் தவறாமல் இடம்பெற்ற, இந்திய வம்சாவளியினரான இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. 150,000 பேரின் கதி பின்னைக்கு விடப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் பேர் என்பது வெறும் தலைக்கணக்கு. உறவுகளைப் பிரிந்து எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மலையகச் சொற்களைத் தொகுக்க முனைவோர் பேர் என்பதன் நாட்கூலிப் பொருளை 'வட்டார வழக்கு' என்று ஓரத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. அரைப்பேர், பிரட்டு, செக்ரோல், மடுவம் ஆகியவை மலையகத் தமிழரின் உழைப்பு வரலாற்றுக்குச் சான்றுகள். அவற்றை நாவில் வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே, நம் பள்ளிப் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுப் பொருளோடு எழுதிவைக்க வேண்டும்.