மௌஸி: ஒரு வளைய விமானத்தின் பெயர்க்கதை

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் விமானப் படங்களைப் புரட்டினால், அவற்றில் ஒன்று விநோதமாகத் தெரியும். மூன்று எஞ்சின்கள், நெளிநெளியான உலோகத் தகட்டு உடல். இதுவரை பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த யுங்கர்ஸ் 52 தான். ஆனால் வயிற்றுக்கு அடியில், மூக்கிலிருந்து பின்னுடல் வரை, இந்த இறக்கையிலிருந்து அந்த இறக்கை வரை, தாங்குகோல்களால் பிணைத்த ஒரு பெரிய வளையம் தொங்கும். விமானத்தின் இறக்கை விரிவு 29.25 மீட்டர், வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 14 மீட்டர். டியூராலுமின் என்ற இலேசான அலுமினியக் கலவையால் ஆனது.

ஆவணங்களில் இதன் பெயர் ‘யூ 52 எம்எஸ்’. எம்எஸ் என்பது ‘மீனென்ஸூஹ்’ என்பதன் சுருக்கம்: கண்ணிவெடித் தேடல். ஓட்டியவர்கள் வைத்த பெயர் ‘மௌஸி’. பொருளையும் பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்த விமானம் செய்த வேலையை இரண்டு பெயருமே சொல்லவில்லை என்பது புலப்படும்.

‘மீனெ’யிலிருந்து தொடங்குவோம். சொல்லாராய்ச்சி என்றதும் ஒலி ஒத்தாலே உறவு கொண்டாடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. கடல், மீனெ, மீன் என்று அவர்கள் கணக்குப் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியிலிருந்து ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் போன சொல் இது. மூலப்பொருள் கனிமம் தோண்டும் குழி. கோட்டையை முற்றுகையிட்டவர்கள் மதிலுக்கு அடியில் குடைந்து, மரக்கால் முட்டுக் கொடுத்து, பிறகு அதற்குத் தீ வைத்து மதிலைச் சரித்தார்கள். வெடிமருந்து வந்தபின் தீயின் இடத்தில் மருந்து வைத்தார்கள். காலப்போக்கில் குழி மறைந்தது, மருந்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. கடலில் போட்ட வெடிக்கும் அதுவே பெயராயிற்று. நிலக்கரி தோண்டும் இடத்தை ஜெர்மானியர் பெரும்பாலும் ‘பெர்க்வெர்க்’ என்பார்கள். இன்று ஜெர்மனியில் எழுதுபொருள் கடைக்குப் போய் ‘மீனெ’ கேட்டால் பேனா ரீஃபில்லை எடுத்து நீட்டுவார்கள்.

நம் ‘சுரங்கம்’ என்ற சொல்லும் இதே வழியில் நடந்திருக்கிறது. வடமொழியின் ‘சுருங்கா’ அர்த்தசாஸ்திரத்திலேயே நிலவறை வழியைக் குறிக்கிறது. கிரேக்கத்தில் குழலையும் குகைவழியையும் குறித்த ‘ஸிரிங்ஸ்’ அதன் மூலம் என்பது அறிஞர் பலர் ஒப்பும் கருத்து. இந்தியில் அது வெடியாகவே மாறி, நிலக்கண்ணிக்கு ‘பாரூதி சுரங்’ என்று வழங்குகிறது. தமிழ் மட்டும் வேறு வழி பிடித்துப் பறவைக்கு வைக்கும் கண்ணியை எடுத்துக்கொண்டது. பொறி வைத்துக் காத்திருத்தல் என்ற கருத்துக்கு இது குழியைவிடப் பொருத்தம்.

அடுத்தது ‘ஸூஹென்’, அதாவது தேடுதல். முதல் உலகப்போரில் இந்தச் சொல் பொய்யாக இல்லை. அன்றைய கடற்கண்ணி மிதக்கும் இரும்புருண்டை. கடலடியில் நங்கூரம், இடையில் கம்பிவடம். இரண்டு படகுகள் தங்களுக்கிடையே ஒரு வடத்தை நீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அது கண்ணியின் வடத்தில் மாட்டினால், இங்கே கண்ணிகள் கிடக்கின்றன என்று தெரியும். அறுந்து மேலே வந்த உருண்டையைத் துப்பாக்கியால் சுட்டு ஒழிப்பார்கள். இதற்கென்று கட்டிய கப்பல் ‘மீனென்ஸூஹ்போட்’. ‘அகற்று’ என்ற பொருள் தரும் ‘ராய்மென்’ என்ற வினையை வைத்து ‘ராய்ம்போட்’ என்று சிறிய படகுகளும் பின்னர் வந்தன. தேடுவதற்கு ஒரு சொல், அகற்றுவதற்கு ஒரு சொல் என்று ஜெர்மன் கடற்படை ஒழுங்காகத்தான் பிரித்து வைத்திருந்தது.

அந்த ஒழுங்கைக் கலைத்தது ஜெர்மனியே செய்த காந்தக் கண்ணி. இது மிதக்காது, வடமும் கிடையாது, கடலடியில் படுத்திருக்கும். மாட்டுவதற்கு ஒன்றுமில்லாதபோது படகுகள் இழுக்கும் வடத்தால் என்ன பயன்? 1939 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் தேம்ஸ் முகத்துவாரத்தில் இவற்றைப் பாராசூட்டில் இறக்கின. இரண்டு கண்ணிகள் இடம் தவறி ஷூபரினஸ் சேற்றில் விழ, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஊவ்ரி நவம்பர் 23-ஆம் நாள் அவற்றில் ஒன்றைக் காந்தம் ஏறாத கருவிகளால் பிரித்துப்போட்டார். உள்ளே இருந்த சூத்திரம் எளிமையானது: செங்குத்தாக அசையும் ஒரு காந்த ஊசி. எஃகுக் கப்பல் தானே ஒரு பலவீனமான காந்தம். அது மேலே வரும்போது ஊசி சாயும், மின்சுற்று இணையும், வெடிக்கும்.

கப்பலின் காந்தத்தை மின்சுருளால் சமன் செய்யும் முறையை ஆங்கிலேயர் பரவலாக்கினார்கள். அதற்கு ‘டிகாஸிங்’ என்று பெயர் வைத்தவர் சார்லஸ் குட்ஈவ். காந்தப் புலத்தின் அலகான காஸ், கோட்டிங்கன் நகரத்துக் கணித மேதை கார்ல் ஃப்ரீட்ரிஹ் காஸின் பெயர். ஜெர்மன் ஆயுதத்தை முறியடிக்கும் வேலைக்கு ஜெர்மானியர் ஒருவரின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார் குட்ஈவ். இந்தக் கதையில் வரும் சொற்களில் நேர்மையானது இதுதான். செய்த வேலையை அப்படியே சொல்கிறது.

சமன் செய்வது கப்பலைக் காக்கும், கண்ணியை ஒழிக்காது. ஒழிக்க வேண்டுமானால் போலிக் கப்பல் ஒன்றின் காந்தப் புலத்தை அதன்மேல் நடத்திக் காட்ட வேண்டும். ஆகாயத்திலிருந்து அதைச் செய்யலாமா? மின்னோட்டம் பாயும் வளையம் ஒரு காந்தம். ஓட்டமும் வளையத்தின் பரப்பும் கூடக்கூட அதன் வலு கூடும். 14 மீட்டர் வளையத்தின் காரணம் இதுதான். ஆனால் தொலைவு கூடினால் புலம் கனவிகிதத்தில் தேயும்: உயரம் இருமடங்கானால் வலு எட்டில் ஒரு பங்கு. ஆகவே அலையை உரசுவதுபோலப் பறந்தாக வேண்டும். உடலுக்குள் தனி எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடி வளையத்துக்கு மின்சாரம் கொடுக்கும். விமானி நேர்க்கோட்டில் போய், திரும்பி, பக்கத்துப் பட்டையில் மறுபடி வருவார். கண்ணி விழித்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் கோபுரமாக எழும். அது எழுவதற்குள் விமானம் கடந்து போயிருக்க வேண்டும்.

இதில் தேடல் எங்கே இருக்கிறது? கீழே என்ன கிடக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. வெடித்தால் இருந்தது, வெடிக்காவிட்டால் இல்லை, அல்லது ஏமாறவில்லை. ஆனாலும் படகுக் காலத்துச் சொல் விமானத்தின் முதுகில் ஏறிக்கொண்டது. படைத்துறைகள் புதுப் பொருளுக்குப் பழைய பெட்டியின் சீட்டை ஒட்டுவதில் வல்லவை.

ஆங்கிலேயர் இதே வளையத்தை முன்னதாகவே வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் மாட்டி, 1940 ஜனவரியில் கண்ணி வெடிக்கச் செய்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘திசைசார் வானொலி அமைப்பு’. இது வேண்டுமென்றே சொன்ன பொய். வளையத்தைப் பார்க்கிறவன் ஏதோ ஏரியல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

ஜெர்மானியர் மறைக்கவில்லை, கொஞ்சினார்கள். யுங்கர்ஸ் 52-க்கு ஏற்கெனவே ‘டான்ட்டெ யூ’, அதாவது யூ அத்தை, என்ற செல்லப்பெயர் உண்டு. வளையம் கட்டிய அத்தை ‘மௌஸி’ ஆனாள். ‘மௌஸ்’ என்றால் சுண்டெலி; கடைசி இகரம் குழந்தைகளையும் காதலியையும் கொஞ்சும் விகுதி. இங்கேதான் தமிழ் வாசகர் காதைத் தீட்டிக்கொள்ளலாம். மௌஸ், ஆங்கில மௌஸ், லத்தீன் ‘மூஸ்’, வடமொழி ‘மூஷ்’ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். பிள்ளையாரின் மூஷிகத்துக்கும் இந்த விமானத்துக்கும் உள்ள உறவு மீன் உறவு அல்ல, மெய்யான உறவு. செல்லப்பெயர் ஓட்டிகளின் வாயோடு நிற்காமல் அலுவல் பெயரிலும் ஏறியது. இந்த விமானங்களை ஓட்டிய பிரிவே ‘ஸோண்டர்கொமாண்டோ மௌஸி’, சுண்டெலித் தனிப்படை. 1942-இல் அது ‘மீனென்ஸூஹ்குருப்பெ 1’ என்று விறைப்பான பெயருக்கு மாறியது. ஹாம்பர்க்கின் ப்ளோம் உண்ட் ஃபோஸ் நிறுவனத்துப் பறக்கும் படகு பிவி 138-இலும் வளையம் மாட்டினார்கள். அதன் செல்லப்பெயர் ‘பறக்கும் மரச்செருப்பு’.

எதிர்த்தரப்பின் அகராதியும் இளைத்ததல்ல. 1940 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் விமானங்கள் கடலில் கண்ணி தூவியதற்கு ‘தோட்டவேலை’ என்று பெயர், கண்ணிக்குக் ‘காய்கறி’. பகுதிகளுக்கும் செடிகொடிப் பெயர்களே: லொரியான் துறைமுகம் ஆர்ட்டிச்சோக், ல ரோஷேல் இலவங்கப்பட்டை. போர்தோப் பகுதிக்குத் தேவதாரு. இமயத்து மரத்தின் பெயர் பிரெஞ்சுக் கரையில் வெடி கிடக்கும் இடமாகிவிட்டது. 1944 ஏப்ரலில் ருமேனிய எண்ணெய் போகும் டான்யூப் ஆற்றிலும் இந்தக் காய்கறி விதைக்கப்பட்டது. அதை வெடிக்க வைக்க வளைய யுங்கர்ஸ்கள் ஆற்றின் மேல் பறந்தன. ஒருவர் காய்கறி என்றார், மற்றவர் சுண்டெலி என்றார். நடுவில் வெடித்தது என்னவோ வெடிமருந்துதான்.

வளையத்தின் ஆட்சி நீடிக்கவில்லை. முதல் சில தூண்டல்களை எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, குறித்த எண்ணிக்கை வந்ததும் வெடிக்கும் கண்ணிகள் வந்தன. அவற்றின்மேல் ஒரே பட்டையில் பலமுறை பறக்க வேண்டும். கப்பலின் ஓசைக்கு வெடிக்கும் கண்ணிகளை ஏமாற்ற விமானத்திலிருந்து சிறு வெடிகளை நீரில் போட்டார்கள். கப்பல் கடக்கும்போது நீரழுத்தம் தாழ்வதை உணரும் கண்ணி 1944-இல் நார்மண்டி கடலில் வந்தபோது, அதனிடம் வளையத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நீரைத் தொடாத விமானம் நீரழுத்தத்தை எப்படி மாற்றும்? தவிர, தாழ்வாக, மெதுவாக, நேர்க்கோட்டில் பறக்கும் வளைய விமானம் எதிரியின் சண்டை விமானத்துக்குச் சுலபமான இரை.

பெயர்வைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஈழத்தமிழ் நல்ல பாடம். அங்கே மிதித்தால் வெடிப்பது ‘மிதிவெடி’, செய்கிற பணி ‘கண்ணிவெடி அகற்றல்’. மூடிமறைப்பும் இல்லை, கொஞ்சலும் இல்லை. ‘மீனென்ஸூஹ்’ விமானத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கண்ணிவெடி தேடும் விமானம்’ என்றுதான் வரும். கலைக்களஞ்சியமோ போர் வரலாறோ தமிழில் எழுதுகிறவர்கள் அந்த வலையில் விழ வேண்டாம். ‘கண்ணி வெடிக்கவைக்கும் விமானம்’ என்றே எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் நடந்தது அதுதான்.