கரிமருந்துத் தோட்டாவும் மான் வேட்டையும்

வன்னிப் பக்கத்து நேயர்களுக்கு இடியன் துவக்கைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டையோ சன்னத்தையோ இட்டு, கோலால் இடித்து இறுக்கிய பின்னரே அது வெடிக்கும். ஒரு வெடி தீர்ந்து மறு வெடிக்கு ஆயத்தமாவதற்குள் மானும் மரையும் அடுத்த குளக்கட்டைக் கடந்துவிடும். இன்று நம் நாட்டில் இவ்விரண்டும் சட்டத்தின் காவலில் இருப்பவை. ஆதலால் யாரையும் வேட்டைக்கு அழைப்பது இப்பேச்சின் நோக்கமன்று. மருந்து, குண்டு, பொறி ஆகிய மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டினுள் அடங்கிய காலத்தில், கடலுக்கு அப்பால் அமெரிக்க வேடர்கள் முன் எழுந்த ஒரு வினாவின் வரலாற்றையே கூற முற்படுகின்றேன். மானை வீழ்த்த எந்தத் தோட்டா ஏற்றது என்பதே அவ்வினா.

இவ்வினா துவக்குக் கடைக்காரருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடலாகாது. தோட்டாவைப் பிழையாகத் தேர்ந்தவனுக்கு ஒருநாள் உணவு போகும். அவன் சுட்ட மானுக்கோ கால் முறிந்தோ வயிறு கிழிந்தோ புதருக்குள் ஒளிந்து பல நாள் துன்புற்று மடிகின்ற கதி நேரும். 19ஆம் நூற்றாண்டின் நல்ல வேடர்கள் இதனை நன்கறிந்திருந்தனர்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்ததே கரிமருந்து. நூற்றாண்டுகள் பல சென்றும் இக்கலவை பெரிதாக மாறவில்லை. அது எரியும்போது அதன் நிறையிற் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு ஆவியாகாமல் திண்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மீதி குழலின் உட்சுவரிற் கரியாகப் படியும். ஆகவே மருந்தை இருமடங்காக்கினால் குண்டின் வேகமும் இருமடங்காகும் என்று கருதுவது தவறு. வேகம் சிறிதே ஏறும். தோளில் விழும் உதைப்பும் குழலிற் படியும் கரியும் மிகுதியாக ஏறும். வழக்கமான எடையுள்ள ஈயக் குண்டைக் கரிமருந்தால் செலுத்தினால் ஒரு செக்கனுக்கு 1,300 அல்லது 1,400 அடி வேகத்தை எதிர்பார்க்கலாம். வேட்டைத் தோட்டாக்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு தடையைச் சுற்றியே நடந்தது. வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால், குண்டின் பருமனையும் பாரத்தையும் கூட்டுவதன்றி வேறு வழியேது?

அக்காலத்துத் தோட்டாக்களின் பெயரிலேயே இக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. 45-70 என்றால், குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு. மருந்தின் நிறை 70 கிறேயின். ஒரு இறாத்தலில் 7,000 கிறேயின் உண்டு. கிராமிற் சொல்வதானால் 70 கிறேயின் நாலரைக் கிராமாகும். மூன்றாவதாக ஓர் எண் வந்தால் அது குண்டின் நிறை. பெயரைக் கேட்ட அளவிலேயே தோட்டாவின் குணத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். இன்றைய தோட்டாப் பெயர்கள் பலவற்றிற்கு இந்த நேர்மை இல்லை.

1860இல் வந்த ஹென்றி றைபிள் 16 தோட்டாக்களை ஏற்றுக்கொண்டு, நெம்புகோலை இழுத்துத் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகச் சுடும் வியப்பான கருவி. ஆயின் அதன் தோட்டாவில் 26 முதல் 28 கிறேயின் மருந்தே அடங்கிற்று. சண்டைக்கு அது போதும்; மானுக்குக் குறைவு. 1873இல் வின்செஸ்ரர் நிறுவனம் அக்குறையை ஓரளவு நீக்கி 44-40 என்னும் தோட்டாவை வெளியிட்டது. 40 கிறேயின் மருந்து, 200 கிறேயின் குண்டு. சில ஆண்டுகளில் கோல்ற் நிறுவனமும் இதே தோட்டாவுக்குச் சுழல் கைத்துப்பாக்கி செய்யத் தொடங்கியது. இடுப்பிலுள்ளதற்கும் கையிலுள்ளதற்கும் ஒரே தோட்டா என்பது, நகரத்துக்குப் பல நாட்பயணத் தொலைவில் வாழ்ந்த குடியானவனுக்கு எத்துணை வசதி! இந்த றைபிளில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்றன.

இத்தோட்டாவின் குண்டு முனை மழுங்கியது. அதற்கொரு காரணம் உண்டு. குழலின் கீழே கிடையாக அமைந்த குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் குண்டு முன்னதன் பொறித் தொப்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராயிருந்தால் ஓர் அதிர்ச்சியில் குழாய் முழுவதும் வெடித்துச் சிதறலாம். மழுங்கிய முனையால் இன்னொரு நன்மையும் விளைந்தது: மெல்ல வரும் குண்டாயினும் அது சதையிற் பட்டதும் அகன்ற வழியைத் திறந்தது. கிழக்குக் காடுகளில் நூறு யாருக்குள் நிற்கும் மானுக்கு 44-40 தக்க தோட்டாவே. அதற்கு அப்பால் அதனை நம்புவது மானுக்குச் செய்யும் கொடுமை.

மேற்குச் சமவெளிக்குச் சென்றவன் நிலை வேறு. அங்கே மறைவிடம் குறைவு. மான் நம்மைக் காணுமுன் நாம் நூறு யாருக்குள் நெருங்குவது அரிது. அவன் நாடியது 45-70. அதே 1873இல் அமெரிக்கப் படைக்கென்று ஏற்கப்பட்ட தோட்டா அது. பெட்டி மூடிபோல் மேல்நோக்கித் திறக்கும் அடைப்பையுடைய ஸ்பிறிங்பீல்ட் துவக்கில் அது இடப்பட்டது. குண்டு 405 கிறேயின், அதாவது 26 கிராம். நமது 44-40இன் குண்டைப்போல் இருமடங்கு. குதிரைப்படையினரின் குறுந்துவக்கில் இதன் உதைப்பைத் தாங்குவது கடினமாயிருந்தபடியால், அவர்களுக்கு 55 கிறேயின் மருந்தோடு தனியாக நிரப்பிக் கொடுத்தனர் என்றால் அதன் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் வலிமை வேறு, குறி வேறு. இங்கேதான் பலர் தவறினர். 45-70இன் குண்டு 200 யாரைக் கடக்க ஏறத்தாழ அரைச் செக்கன் எடுக்கிறது. அந்த நேரமெல்லாம் அது நிலத்தை நோக்கி விழுந்துகொண்டே போகிறது. நூறு யாருக்குக் குறி சரிசெய்த துவக்கால் 200 யாரில் நிற்கும் மானைச் சுட்டால், குண்டு வைத்த குறிக்கு இரண்டு அடி கீழே செல்லும். 150 யாருக்குக் குறியை ஏற்றி வைத்துக்கொண்டு, மானோ உண்மையில் 200 யாரில் நின்றால், அப்போதும் ஓர் அடிக்கு மேல் தாழும். மானின் நெஞ்சிலே உயிர்நிலை என்று சொல்லத்தக்க இடம் எட்டுப் பத்து அங்குலந்தான். தூரத்தைக் கண்ணால் மதிப்பதில் ஐம்பது யார் பிழைப்பது மனிதருக்கு இயல்பு. அந்த இயல்பான பிழைக்கு மானின் முன்னங்கால் விலையாயிற்று. 45-70ஐக் கையில் வைத்திருந்தவன் தொலைவிலிருந்து சுட உரிமை பெற்றுவிட்டதாக நினைத்தான். உண்மையில் அவனும் தவழ்ந்து நெருங்கவே கடமைப்பட்டிருந்தான்.

இவ்விடத்தில் பிரித்தானியர் வேறொரு வழியை நாடியதையும் சொல்லவேண்டும். இலண்டன் நகரத் துவக்குத் தொழிலாளரான ஜேம்ஸ் பேர்டி, 1856இல் ஒருவகை றைபிளுக்கு விரைவுப் புகையிரதத்தின் பெயரைச் சூட்டினார். அதிலிருந்து எக்ஸ்பிரஸ் என்னும் பெயர் நிலைத்தது. மருந்தை மிகுதியாக்கிக் குண்டை இலேசாக்குவதே அதன் தந்திரம். பின்னர் வந்த 450 எக்ஸ்பிரஸ் தோட்டாவில் 120 கிறேயின் வரை மருந்து உண்டு. கூடு மூன்றேகால் அங்குல நீளம். இலேசான குண்டாதலால் வேகம் மிகுந்தது. 150 யார் வரை குறியை மாற்றாமலே சுடலாம். ஸ்கொத்லாந்து மலைகளில் கலைமான் வேட்டைக்கு அது பெயர் பெற்றது. ஆனால் முனையிற் குழிவுள்ள அக்குண்டுகள் பெரிய விலங்கின் எலும்பிற் பட்டால் உள்ளே செல்லாமல் மேலேயே உடைந்து சிதறின. இக்குறையை வன்மையாக எடுத்துக்காட்டியவருள் ஒருவர் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற சாமுவேல் பேக்கர். 1840களிலும் 50களின் தொடக்கத்திலும் நுவரெலியாவில் வாழ்ந்து, வேட்டை நாய்களோடு மரையைத் துரத்திக் கத்தியாற் குத்தி வீழ்த்திய அதே பேக்கர்தான். துவக்கையே விட்டுவிட்டுக் கத்தியை நாடியவர், 1890இல் எழுதிய நூலில் குண்டுகளின் நிறையையும் ஈயத்தின் மென்மையையும் பற்றிப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது வேடிக்கையன்றோ!

அமெரிக்காவுக்கே திரும்புவோம். 45-70 தோட்டாவைப் பல தடவை சுடும் நெம்புகோல் றைபிளில் இடவேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் இருந்தது. வின்செஸ்ரரின் 1876ஆம் ஆண்டு மாதிரியில் அதற்கு இடம் போதவில்லை. தோட்டா நீளமானது, இயந்திரம் குறுகியது. ஆகவே கூட்டைக் குறுக்கிப் பருமனாக்கி, கழுத்தை ஒடுக்கி, போத்தல் வடிவில் 45-75 என்றொரு தோட்டாவைச் செய்தனர். எனவே வேடன் தேர்ந்ததாக நாம் நினைக்கும் தோட்டாவைப் பலவேளைகளில் இரும்புப் பெட்டியின் நீளமே தேர்ந்துவிட்டது. 1881இல் மார்லின் நிறுவனமும், 1886இல் ஜோன் பிறவுணிங் வகுத்த அமைப்பைக் கொண்டு வின்செஸ்ரரும் 45-70ஐயே ஏற்கும் றைபிள்களைச் செய்த பின்னர் அந்த இடர் நீங்கிற்று.

அந்த 45-75ஐக் கொண்டு மான் வேட்டையாடியவருள் பெரும்பெயர் பெற்றவர் தியடோர் ரூஸ்வெல்ற். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அவர், 1880களில் டக்கோட்டாப் பிரதேசத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தபோது இந்த றைபிளையே கையாண்டார். 1885இல் அவ்வேட்டைகளைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அங்கே கரடுமுரடான மண்மேடுகளிடையே வாழ்ந்தது பெரிய காதுகளையுடைய ஒரு மானினம். அதனைச் சுடுவதற்கு விரைவிலும் விழிப்பான கண்ணே வேண்டியிருந்தது.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. கரிமருந்து வெடித்த கணமே வேடன் முன் வெண்திரை எழும். காற்றில்லாத காலைப்பொழுதில் அது உடனே கலையாது. குண்டு பட்டதா, மான் எத்திசையிற் பாய்ந்தது என்பவற்றை அவன் காணமுடியாது. நெஞ்சிற் குண்டேறிய மானும் ஐம்பது நூறு யார் ஓடியே விழும். எனவே ஆறு தோட்டா உள்ள றைபிளும் மெய்யான வேளையில் ஒற்றைத் தோட்டாத் துவக்காகவே இருந்தது. அனுபவமுள்ளோர் சுட்டதும் ஓரடி விலகிக் குனிந்து பார்ப்பர். பின் இரத்தச் சுவடு தேடி மெல்ல நடப்பர்.

குண்டின் ஈயமும் கவனிக்கத்தக்கது. தூய ஈயம் மெத்தென்றது, பட்டதும் விரியும். ஆனால் குழலின் திருகுவரிகளில் ஒட்டிக்கொள்ளும். 16 பங்கு அல்லது 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் இரண்டும் நடுநிலை பெறும். குண்டின் வரைகளில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினர். அது படியும் கரியை இளக்கும். வெறுங்கூட்டை எறியாமல் பொறுக்கிவந்து, இரவில் நெருப்பருகே குண்டு வார்த்து, மருந்தளந்து மீண்டும் நிரப்பியவர் பலர். இப்படித் தன் கையால் நிரப்பியவன் ஒரு தோட்டாவை வீணாக்கத் தயங்கினான் என்பது என் கருத்து.

இவற்றுக்கெல்லாம் நடுவே, ஆரவாரமின்றி நல்ல பெயரெடுத்தது 38-55. குறிப்பலகைப் போட்டிகளுக்கெனப் பிறந்து, 255 கிறேயின் குண்டோடு காட்டுக்குப் புகுந்த தோட்டா அது. 44-40இலும் ஆழமாகச் செல்லும். 45-70ஐப்போல் தோளை இடிக்காது. கூடு நேரானதாதலால் நிரப்புவதும் எளிது. மான் ஒன்றையே கருதித் தேர்ந்தெடுப்பதானால், கரிமருந்துக் காலத்துத் தோட்டாக்களுள் நான் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

தோட்டாக்கள் இவ்வாறு திருந்திவர, மான்கள் அருகிவந்தன. இறைச்சியையும் தோலையும் புகையிரதத்தில் ஏற்றி நகரச் சந்தைக்கு அனுப்பும் தொழில் வளர்ந்தது, காடுகளும் வெட்டப்பட்டன. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வெண்வால் மான்கள் மூன்று முதல் ஐந்து இலட்சமே எஞ்சியிருந்தன என்பது வழங்கிவரும் மதிப்பு. ரூஸ்வெல்ற் 1887இலேயே நண்பர்களோடு கூடி வேட்டைவிலங்குகளைக் காப்பதற்கென்று ஒரு கழகத்தை நிறுவினார். 1900இல் வந்த லேசி சட்டம், களவாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை கடத்துவதைக் குற்றமாக்கியது. இன்று அம்மான்கள் மீண்டும் பெருகிக் கோடிக்கணக்கில் வாழ்கின்றன.

கரிமருந்தின் முடிவோ பிரான்சிலிருந்து வந்தது. 1884இல் போல் வியேய் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டார். 1895இல் வின்செஸ்ரர் அவ்வகை மருந்தோடு 30-30ஐ வெளியிட்டது. குண்டு 160 கிறேயின். வேகமோ செக்கனுக்கு 2,000 அடியை எட்ட நெருங்கிற்று. முதலில் 38-55 தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 1894ஆம் ஆண்டு மாதிரி றைபிளே இதையும் ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் மான் வேடர் பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர்.

ஆயினும் 45-70 மறையவில்லை. இன்றும் அத்தோட்டா ஆலைகளிற் செய்யப்படுகிறது. 1873இன் பழைய துவக்கு எவர் வீட்டிலாவது இருந்து, அதில் இட்டாலும் அடைப்புச் சிதறாதிருக்கவேண்டும் என்பதற்காக, வழக்கமான தோட்டாக்களைக் குறைந்த அழுத்தத்துக்கே நிரப்புகின்றனர். பழைய றைபிள்களின் மாதிரிகளை இத்தாலிய ஆலைகள் செய்து விற்கின்றன. அவற்றை வாங்கிக் கரிமருந்தையே நிரப்பிக் காட்டுக்குச் செல்வோரும் உளர். அவர்கள் மாலையில் திரும்பியதும் முதலிற் செய்வது குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவுவதுதான். படிந்த கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், விடியும்வரை விட்டுவைத்தாற் குழல் துருப்பிடித்துவிடும்.