செக்ரோலும் தண்டனைக் கணக்கும்: மலையக வரலாற்றின் ஒளியில் ஒரு நோக்கு

குற்றத்துக்குரிய தண்டனையின் அளவைக் கணினி கணித்துக் கூறலாமா என்னும் வினா இன்று பல நாடுகளின் நீதிமன்றங்களில் எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளோடு பிறந்த புதுவினாவாகவே இது பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள கந்தப்பளை போன்றதொரு தோட்டப் பிரதேசத்தில் நின்று நோக்குமிடத்து, இவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டென்பது புலனாகும். அவ்வரலாற்றை விடுத்துப் புதிய கருவியை மதிப்பிடுதல் முழுமையாகாது என்பதே எமது கருத்து.

மலையகத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கை மேலோங்கியிருந்த காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த இது, எழுத்தில் எவ்வித ஒப்பந்தமும் செய்யாத தொழிலாளியையும், மாதந்தோறும் தானாகவே புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவராகக் கொண்டது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல், வேலை செய்ய மறுத்தல், பணியாது நடத்தல் முதலியன குற்றங்களாயின. அவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமிருந்தது. குடியியல் வழக்காக அமையவேண்டிய ஒப்பந்த மீறல் குற்றவியல் வழக்காக மாற்றப்பட்டமையே இச்சட்டத்தின் சாரம் எனலாம்.

இத்தகைய வழக்குகளுக்கான தரவுகள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்து நோக்கற்பாலது. ஒருவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கடன்பட்டிருந்தார், எப்பொழுது நீங்கினார் என்பனவெல்லாம் செக்ரோலிலும் கடன் கணக்கிலும் பதியப்பட்டன. அவற்றைப் பேணியோர் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியுமே. தொழிலாளியின் கையில் எதிர்க்கணக்கு எதுவும் இருக்கவில்லை. மலையகப் பேச்சுவழக்கில் ஒரு நாட் சம்பளம் இன்றும் ‘பேர்’ எனப்படுகின்றது. குறித்த அளவு கொழுந்து சேராதவிடத்து ‘அரைப்பேர்’ விழுகின்றது. மனிதரின் பெயரே கணக்கின் அலகாகிவிட்ட நிலையை இச்சொல் காட்டுகின்றது. கொழுந்து நிறுக்குமிடத்தில் கழிக்கப்படும் நிறை பற்றிய முறைப்பாடும் தோட்டங்களில் மிகப் பழையது. அம்முறைப்பாடு கூட்டலைப் பற்றியதன்று; கூட்டப்படும் எண்ணைப் பற்றியது. இவ்வேறுபாடே எமது ஆய்வுக்கு அடிப்படையாகும்.

இச்சட்டத்துக்கு எதிராக எழுந்த குரல்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தினது குறிப்பிடத்தக்கது. நீதித்துறையிலும் பணியாற்றிய அவர், 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். இந்தியத் தரப்பிலிருந்தும் நெருக்குதல் வலுத்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் நீங்கிற்று. தண்டனையை எல்லா நீதிமன்றங்களும் ஒரே சீராக விதிக்கவேண்டும் என்பதன்று அன்று எழுந்த கோரிக்கை. வேலையை விட்டு நீங்குதல் குற்றமாகுமா என்பதே அன்று கேட்கப்பட்டது. 1865க்கும் 1920க்கும் இடைப்பட்ட தீர்ப்புகள் அனைத்தையும் ஒரு கணினிக்கு ஊட்டியிருப்பின், அது தப்பியோடிய தொழிலாளிக்குரிய ‘வழமையான’ சிறைக்காலத்தைப் பிழையின்றிக் கூறியிருக்கும். அச்சட்டம் நீதியானதா என்னும் வினாவை மட்டும் அது ஒருபோதும் எழுப்பியிராது.

இவ்வொளியில் இக்காலத்து முயற்சிகளை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி உருவாகி 1987இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டிகள், குற்றத்தின் கடுமையை 43 படிகளாகவும் முற்குற்ற வரலாற்றை 6 வகைகளாகவும் பிரித்து, 258 கட்டங்கள் கொண்ட அட்டவணையொன்றை அமைத்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு தண்டனை வரம்பைத் தரும். 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வரம்புகள் கட்டாயமானவை அல்ல, ஆலோசனை மாத்திரமே என்று தீர்த்தது. மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்கள் 2020 பெப்ரவரியில் ஒருபடி மேற்சென்று, பழைய வழக்குகளைக் கற்றுத் தண்டனையை விதந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாயின. விதந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் உரிமையாகவே விடப்பட்டது.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முன்னையது எழுதப்பட்ட விதி. அதன் ஒவ்வொரு படியையும் சட்டத்தரணி எடுத்துக்காட்டி மறுக்கலாம். பின்னையது பழைய தீர்ப்புகளின் சராசரியை விதியின் இடத்தில் அமர்த்துகின்றது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2016இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், குற்றவாளியின் எதிர்கால ஆபத்தை மதிப்பிட்ட மென்பொருளின் கணிப்புமுறை வணிக இரகசியமெனக் காக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் எச்சரிக்கைகளோடு அதனைப் பயன்படுத்தலாமென மாநில உச்ச நீதிமன்றம் இடமளித்தது. செக்ரோலைத் தொழிலாளி பார்க்க முடியாதிருந்த நிலையின் புதிய வடிவமாகவே இதனை நாம் காண்கின்றோம்.

எனினும் மறுபக்கத்தையும் ஒளிக்காது கூறவேண்டும். ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிமன்றில் எச்சரிக்கையும் மற்றொன்றில் சிறையும் கிடைப்பின், அதனால் முதலில் நலிவோர் வசதியற்றோரே. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை பெரும்பாலும் உச்ச அளவைக் கூறி, எஞ்சியதை நீதிபதியின் தற்றுணிபுக்கு விட்டது. அத்தற்றுணிபைக் குறைந்தபட்சத் தண்டனையால் கட்டுப்படுத்த 1995இல் முயன்றபோது, குறித்த வகைக் குற்றமொன்றுக்கான 10 ஆண்டு விதி நீதிபதியைத் தடுக்கமாட்டாதென 2008இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆகவே சீர்மையும் வேண்டும், தனிமனிதரின் நிலையை நோக்கும் இடமும் வேண்டும்.

இவ்விரண்டையும் கந்தப்பளையின் நிலையில் வைத்துப் பார்த்தல் தகும். ஒரே தொகையான தண்டப்பணம் வணிகருக்கு ஒரு நாட் செலவு. நாட்கூலித் தொழிலாளிக்கோ பல வாரப் ‘பேர்’. இலங்கைச் சிறைகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்படும் தண்டனைக் கைதிகளுள் பெரும்பங்கினர் தண்டப்பணம் செலுத்தத் தவறியோர் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களப் புள்ளிவிபரங்கள் காட்டிவந்துள்ளன. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமாதலின், தமிழில் மட்டும் பேசுவோரின் கூற்று உரைபெயர்ப்பின் வழியே ஏட்டில் ஏறுகின்றது. அவ்வேடுகளே நாளைய கருவிக்குக் கற்கும் பாடமாகுமெனில், அவற்றில் பதியாது விடுபட்டவை அதன் கணிப்பிலும் விடுபடும்.

ஆகவே, விதி பாராளுமன்றத்தால் வகுக்கப்பட்டு, கணக்கின் ஒவ்வொரு படியும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மொழியில் அவர்முன் வைக்கப்பட்டு, அதனை மறுக்கும் உரிமையும் அவருக்கு இருக்குமாயின், கூட்டலைக் கணினி செய்வதில் நமக்கு மறுப்பில்லை. தராசைத் தொழிலாளியும் பார்க்கவேண்டும் என்பது தோட்டங்களின் நெடுங்காலக் கோரிக்கை. நீதிமன்றத்தின் தராசுக்கும் அது பொருந்தும்.