நாற்பத்தேழு விழுக்காடு

இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் ஊரில் இருபத்தைந்து வயதினர் எத்தனை பேர் இருப்பர்? இதற்கு ஓரளவு சரியான விடையை இன்றே கூறிவிடலாம். சோதிடம் வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் பிறந்துவிட்டார்கள். இன்று அவர்களுக்கு வயது ஐந்து. குடிபெயர்வோரையும் இறப்போரையும் சற்றே கூட்டிக் கழித்தால் போதும்.

இந்த எளிய உண்மையை அடித்தளமாகக் கொண்டு கிரிகரி மேன்கியூ, டேவிட் வைல் என்ற இரு அமெரிக்கப் பொருளியலார் 1989இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், பழைய போக்கே தொடருமாயின், 2007ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் வீட்டு விலை 47 விழுக்காடு வீழும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயுட்காலச் சேமிப்பை ஒரு வீட்டில் போட்டு வைத்திருந்தவனுக்கு இச்செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களுடைய வாதம் இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை, அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு மிகுந்தது. 1957இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1973இலோ 31 லட்சம்தான். முதல் கூட்டம் வளர்ந்து 1970களில் வீடு தேடியது, விலை ஏறிற்று. அடுத்து வருவது சிறிய கூட்டம். ஆகவே விலை இறங்கத்தானே வேண்டும்?

எந்த வயதினர் எவ்வளவு வீடு வேண்டுவர் என்பதை 1970ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலிருந்து எடுத்தனர். இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் தேவை கிடுகிடுவென உயர்கிறது. நாற்பதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது என்று அக்கணக்குக் காட்டியது.

1990களின் தொடக்கத்தில் கணிப்பு பலிப்பதுபோலவே தோன்றியது. விலை மெல்லச் சரிந்தது. பிறகு நடந்ததோ நேர்மாறு. 1997க்கும் 2006க்கும் இடையில், பணவீக்கம் போக, விலை சுமார் 85 விழுக்காடு உயர்ந்தது! குறிக்கப்பட்ட 2007 வந்தபோது வீடுகள் ஏறக்குறைய உச்சியில் நின்றன.

பிழை எங்கே? ஒரு தெருவில் உள்ள பாட்டிகளுக்கு எழுதத் தெரியாது, பேத்திகளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கண்டு, வயது ஏற ஏற எழுத்து மறந்துபோகும் என்று முடிவு கட்டலாமா? 1970இல் அறுபது வயதானவர் 1910இல் பிறந்தவர். 1930களின் பெருமந்தத்தில் இளமையைக் கழித்தவர். அவர் சிறு வீட்டில் வாழ்ந்ததற்கு முதுமையைவிட அவர் தலைமுறையின் வறுமையே பெரிய காரணமாக இருக்கலாம். ஒரே ஆண்டில் எடுத்த படம் வாழ்நாளின் படம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. தேவை குறையும் என்று அவர்கள் கணக்குக் கூறவில்லை. தேவை வளரும் வேகம் குறையும் என்றே கூறிற்று. ஆனால் காலம் செல்லச் செல்ல விலையைக் கீழே இழுக்கும் உறுப்பு ஒன்று சமன்பாட்டில் இருந்தது. வீழ்ச்சி அதிலிருந்து பிறந்ததே என்று, அதே ஆய்விதழில் 1991இல் பிறர் சுட்டிக்காட்டினர். நாற்பது ஆண்டுப் புள்ளிகளின் மேல் வரைந்த கோட்டை மேலும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டுவது துணிச்சலான வேலைதான்.

இதற்கு எதிரான பிழை இன்னும் விலையுயர்ந்தது. நாடு முழுவதும் வீட்டு விலை வீழ்ந்ததே இல்லை என்று 2005 ஜூலையில் தொலைக்காட்சியில் கூறியவர் பென் பெர்னான்கி. மறு ஆண்டே அமெரிக்க மைய வங்கியின் தலைவரானார். ராபர்ட் ஷில்லர் மட்டும் 1890 வரை பின்னோக்கிச் சென்று விலைகளைத் திரட்டி, இத்தகைய ஏற்றம் முன்பு கண்டதில்லை என 2005இல் எச்சரித்தார். அவரும் வீழ்ச்சிக்குத் தேதி குறிக்கவில்லை, அது அறிவுடைமை.

கிரகணத்தைக் கணித்தால் சந்திரன் வழி மாறுவதில்லை. வீட்டு விலைக் கணிப்போ விலையையே மாற்றுகிறது. விலை இறங்காது என்று நம்பியதால் வருவாய்ச் சான்று கூடக் கேளாமல் வங்கிகள் கடன் கொடுத்தன. அக்கடன் விலையை மேலும் ஏற்றியது. ஏறிய விலை நம்பிக்கையை உறுதிசெய்தது. முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த வட்டி, பின்பு கூடுதல் வட்டி என்ற கடன்களும் இருந்தன. தவணை கட்ட முடியாதவர், விலை ஏறும்வரை வீட்டை விற்றோ மறுகடன் வாங்கியோ தப்பினர். ஏற்றம் நின்றதும் அவ்வழி அடைபட்டது. 2006 முதல் 2012 வரை விலை கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. பல லட்சம் குடும்பங்கள் வீட்டை இழந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சாய்ந்தது.

1957இல் பிறந்த அந்தப் பெருங்கூட்டம் 2022இல் 65 வயதைத் தொட்டது. இவர்கள் வீடுகளை விற்கத் தொடங்கினால் விலை சரியும் என்று மறுபடியும் கணக்குகள் வெளிவருகின்றன. அவர்களுள் பலர் இன்னும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.