கவவும் மடிப்பும்: தகடூர் நாட்டில் ஒரு பண்டத்தின் வரலாறு

அரசர்தம் வரலாற்றைக் கல்லும் செம்பும் காத்து வந்துள்ளன. அடுக்களையின் வரலாற்றைக் காத்து வந்தவை பெரும்பாலும் சொற்களே. எந்த மாவு, எந்தக் கலம், எந்தத் தீ என்பனவற்றை அறியச் சொற்களைத் துருவுவதன்றி வேறு வழி அரிது. தருமபுரி நகரத்து அடுமனைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் 'சிக்கன் பப்ஸ்' என்னும் பெயரோடு அடுக்கப்பெற்றுள்ள பண்டம், இன்று வீடுகளிலும் செய்யப்படுகிறது. மடிப்பு மடிப்பாக அமைந்த மாவினுள் கோழிக்கறியைப் பொதிந்து வெதுப்பி எடுக்கும் இப்பண்டத்தில் அயலது எது, நமது எது என்று ஆராய்வது, ஒரு மண்ணின் உணவு மாறிய வகையை அறியத் துணைபுரியும்.

தகடூரின் உணவு

சங்ககாலத் தகடூரே இன்றைய தருமபுரி என்பது அறிஞர் கருத்து. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. எலும்போடு கூடிய ஊன் மிக்க இடமெல்லாம் அதனைத் தமக்கு அளித்தவன், அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தானே முன்னின்றவன் என்று ஔவையார் அவனை நினைந்து கலங்குகிறார். ஊனும் சோறும் இங்கு வயிற்றை நிரப்பும் பொருள்கள் மட்டுமல்ல. கொடையின் அளவுகோல்களும் ஆகும்.

கோழியும் விருந்துக்கு உரியதாகவே இருந்தது. மருதநில உழவர் வெண்ணெற் சோற்றோடு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டிய கறியையும் பாணர்க்கு அளித்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வானம் பார்த்த நிலம் மிகுந்த தகடூர் நாட்டிலோ, பிற்காலத்தில் வீட்டுணவாக நிலைபெற்றது கேழ்வரகுக் களியே. நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் இம்மாவட்டத்து விருந்தின் அடையாளமாக இன்றும் உள்ளன. ஆக, பண்டத்தின் உள்ளே இருக்கும் கோழியைப் பற்றி ஐயமில்லை, அது நமது. ஆராய வேண்டியவை, அதனைப் பொதியும் முறையும் பொதியும் மாவும் ஆகும்.

கவவு என்னும் சொல்

ஒன்றினுள் ஒன்றை வைத்துப் பொதியும் முறையும் தமிழர்க்குப் புதிதன்று. 'கவவு' என்னும் உரிச்சொல் அகத்திடுதல் என்னும் பொருளுடையது என்று தொல்காப்பிய உரியியல் கூறும். அச்சொல் மதுரைக்காஞ்சியில் பண்டத்தின் பூரணத்தைக் குறிக்க வருகிறது. இரவில் மதுரைத் தெருவில் பண்டம் விற்ற கூவியர், உள்ளே கவவு வைத்துப் பிடித்த மோதகத்தையும், தேனடை போன்ற மெல்லிய அடையையும் வைத்திருந்தனர். பருப்பும் தேங்காயும் அக்கவவு என்பது உரை. தழுவும் கையைச் சிலப்பதிகாரம் 'கவவுக்கை' என்று குறிப்பதையும் ஒப்புநோக்கினால், பூரணத்தை மாவு பொதிவதும் அன்புடையாரைக் கை தழுவுவதும் ஒரே சொல்லால் உணர்த்தப்பட்டமை புலனாகும். இன்றும் கொழுக்கட்டையிலும் சோமாசியிலும் இம்முறை வழங்கி வருகிறது.

ஆயினும் தீயின் இயல்பில் வேறுபாடு உண்டு. பெரும்பாணாற்றுப்படை கூவியரின் கரிய அகலைக் குறிப்பிடுகிறது. அஃது அடியிலிருந்து தீயை ஏற்கும் கலம். வேகவைத்தல், சுடுதல், வாட்டுதல், பொரித்தல் ஆகிய நம் சமையல் முறைகள் அடுப்பின்மேல் வைத்த கலத்தையோ திறந்த தணலையோ சார்ந்தவை. நாற்புறமும் வெப்பம் சூழும் மூடிய அடுப்பு நம் வீடுகளில் வழக்கிலில்லை. 'பப்ஸ்' இங்குத் தோன்றாமைக்கு இஃது ஒரு காரணம்.

மடிப்பின் பிறப்பு

மற்றொரு காரணம் மாவு. கோதுமையிலுள்ள புரதம் நீரோடு கலந்து பிசையப்படும்போது இழுபடும் வலைபோல் ஆகிறது. அம்மாவைத் தகடாகத் தேய்த்து, நடுவே வெண்ணெய் வைத்து, மூன்றாக மடித்து மீண்டும் தேய்ப்பர். இவ்வாறு ஆறுமுறை மடித்தால் வெண்ணெயின் அடுக்குகள் 729 ஆகும். சூளையில் மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளை உயர்த்தும். இடையிலுள்ள கொழுப்பு அவை ஒட்டாமல் காக்கும். உப்பி எழுதலே 'பப்ஸ்' என்னும் பெயர்க்குக் காரணம். கேழ்வரகில் இவ்வகைப் புரதம் இல்லை. களியாகத் திரளுமேயன்றி மெல்லிய தகடாக அஃது இழுபடாது.

இம்மடிப்பு மாவு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டுச் சமையல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. பிரான்சு நாட்டார் இதனை நுண்கலையாக வளர்த்தனர். ஓவியர் கிளோது லொரேன் இளமையில் இதனைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழி வந்த கதையேயன்றி வரலாறன்று.

இம்மாவிற்குக் குளிர்ச்சி உயிர். வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு அழியும். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்டது. அந்நாளில் பனிக்கட்டி வெள்ளையர் இல்லங்களின் ஆடம்பரப் பொருள். வெயில் மிக்க நாட்டில், குளிர்ச்சியை விலை கொடுத்து வாங்க முடியாத வீட்டில் இப்பண்டம் பிறந்திருக்க இயலாது.

அடுமனைகளின் வழி

எனவே இது முதலில் கடையின் பண்டமாகவே வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880இல் பிஸ்கட் தொழிலகம் தொடங்கினார். பின்னர்ப் பெங்களூரில் ஐயங்கார் அடுமனைகள் பெருகின. அவற்றின் பெயரைத் தாங்கிய கடைகள் தமிழகத்தின் சிற்றூர்கள்வரை பரவின. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை தருமபுரி வழியே செல்வது நினைவிற்கொள்ளத் தக்கது. 1937இல் விற்பனைக்கு வந்த 'டால்டா' போன்ற வனஸ்பதி வகைகள், வெண்ணெயினும் விலை குறைந்தும் வெயிலில் எளிதில் இளகாமலும் இருந்தமையால் அடுமனைத் தொழிலுக்குத் துணையாயின. அவற்றிலிருந்த கெடுகொழுப்பு நெஞ்சிற்குத் தீங்கு என்பது பின்னர் அறியப்பட்டது. உணவுப் பொருள்களின் எண்ணெய், கொழுப்புகளில் அதனை 2 விழுக்காட்டிற்குள் நிறுத்தவேண்டும் என்னும் விதி 2022இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

பண்டத்தோடு சொல்லும் வந்தது. 'பேக்கரி' என்பதற்குத் தமிழகம் அடுமனை என்றும் ஈழம் வெதுப்பகம் என்றும் சொல் கண்டன. 'பப்ஸ்' மட்டும் பெயர் மாறாமல் நிலைத்துவிட்டது.

வீட்டு அடுக்களையில்

குளிர்சாதனப் பெட்டியும் மின் அடுப்பும் பரவியபின் இப்பண்டம் வீட்டினுள் புகுந்தது. 250 கிராம் மைதாவிற்கு 200 கிராம் வெண்ணெய் வேண்டும். மைதாவில் சிறிது உப்பும் குளிர்ந்த நீரும் சேர்த்துப் பிசைந்து, வெண்ணெயை உள்ளே வைத்து மடித்துத் தேய்க்கவேண்டும். இரண்டு மடிப்பிற்கு ஒருமுறை அரைமணி நேரம் குளிரில் வைப்பர். தருமபுரிக் கோடையில் இவ்வேலைக்கு விடியற்காலமே ஏற்றது.

கறியை எலும்பு நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லித்தூள் இட்டு, நீர் முற்றும் வற்ற முழுமையாக வேகவைத்து ஆறவிடுவர். ஈரம் இருந்தால் அடித்தகடு நமத்துப்போகும். சூடு இருந்தால் வெண்ணெய் உருகும். மாவைச் சதுரங்களாக வெட்டிக் கறியை வைத்து மூடி, மேலே முட்டை தடவி, 200 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் பொன்னிறமாகும்வரை வெதுப்புவர்.

கடையில் வாங்கியவரை எல்லார்க்கும் ஒரே சுவையாக இருந்த பண்டம், வீட்டில் செய்யும்போது வீட்டிற்கொரு சுவை பெறுகிறது. உள்ளே வைக்கும் கறியில் அவரவர் வீட்டுக் குழம்பின் மசாலையே மணக்கிறது. தகடு அயலதாயினும் கவவு தகடூரினதாக அமைகிறது. ஓர் அயற்பண்டம் நமதாவது உண்ணும் நாளிலன்று, செய்யும் நாளிலேயாம்.

மாவு எழுப்பும் வினா

இத்துடன் அமைதி கொள்ளுதல் இயலாது. மைதா ஏறிய இடங்களில் கேழ்வரகு இறங்கியது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. கேழ்வரகு விளைந்த மண்ணிலேயே அதனை மக்கட்கு மீண்டும் அறிமுகம் செய்யவேண்டிய நிலை வந்தமை எண்ணத் தக்கது.

மைதாவில் நான்கில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலந்தால் பண்டம் அவ்வளவாக உப்பாது, நிறமும் கருக்கும், எனினும் மண்ணின் மணம் இருக்கும். மொழியிலும் இஃதே நிலை. அயற்சொல் வருவதால் தமிழ் குறைவதில்லை. அது வந்தபின் நம் சொல்லை நாம் மறப்பதாலேயே குறைகிறது. 'பப்ஸ்' என்னும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அதனுள் வைப்பதற்குக் 'கவவு' என்னும் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. அதனை மீண்டும் வழங்கச் செய்யும் கடமை, அடுக்களையில் நிற்பார்க்கும் கவிதை புனைவார்க்கும் பொதுவானதாகும்.