நெய்வேலியில் திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸ் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நட்சத்திர விளக்கும் கேக்கும் புத்தாடையுமே. அத்திருநாளுக்கு முன்னே நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு என்பதை மாணவருள் பலர் அறியார். கத்தோலிக்கர் அதனைத் திருவருகைக் காலம் என்பர். லூத்தரன் சபையார் அட்வெந்து என்றே வழங்குவர். வருகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதற்கு மூலம்.

டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் பழைய சான்று, 354ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பெற்ற ஒரு நாட்குறிப்பில் உள்ளது. விழா நிலைபெறவே, அதற்கு முன் நோன்பும் தோன்றியது. இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில், 6ஆம் நூற்றாண்டில், நவம்பர் 11 முதல் வாரத்தில் மூன்று நாள் நோன்பிருந்தனர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் இன்றும் இருபத்தைந்து நாள் நோன்பு காக்கின்றனர். விருந்துக்கு முன் விரதம் என்பது மார்கழி நோன்பை அறிந்த நமக்குப் புதிதன்று.

ஆயினும், என்றோ பிறந்துவிட்ட குழந்தைக்காக ஆண்டுதோறும் காத்திருப்பானேன்? 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து இதற்கு விடை கூறினார். கிறிஸ்து பெத்லகேமில் வந்தது முதல் வருகை. உலக முடிவில் வரவிருப்பது இறுதி வருகை. இவ்விரண்டுக்கும் இடையே, ஓசையின்றி மனித உள்ளத்தில் நிகழும் வருகை ஒன்று உண்டு. அதற்கு உள்ளத்தைத் துப்புரவு செய்வதே இக்காலத்தின் பணி.

நெய்வேலியில் வாழ்வோர்க்குக் காத்திருப்பின் பொருளை விளக்க வேண்டுவதில்லை என்பது என் எண்ணம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி, அடியில் அழுத்தி நின்ற ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்து, பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் காண 1961 ஆகஸ்டு வரை பொறுத்திருந்தனர். அடுத்த ஆண்டில் மின்விளக்கு எரிந்தது.

அந்த ஒளிக்கு விலை கொடுத்தவர் யார்? சுரங்கத்திற்காகத் தம் ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த உழவர் குடும்பங்கள். இதனை மறந்துவிட்டு நெய்வேலியில் கிறிஸ்துமஸ் கொண்டாடுதல் பொருந்தாது. நற்செய்தியின்படி, யோசேப்பும் நிறைமாதக் கருவுற்றிருந்த மரியாளும் நாசரேத்தைவிட்டுப் புறப்பட்டதும் அரசின் ஆணையால் அன்றோ? அகஸ்து பேரரசன் குடிக்கணக்கு எடுக்கச் சொன்னான். ஏழைத் தச்சன் நடந்தான். சத்திரத்தில் இடம் இல்லை. வருகைக்கு இடம் விடுதல் என்பது இடம் இழந்தவரை நினைத்தலும் ஆகும் என்று நான் கருதுகிறேன்.

அந்தத் தச்சனைப் பாட்டுடைத் தலைவனாக்கியது நம் தமிழ். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார். நற்செய்தி நூல்களில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. கட்டளையைக் கேட்கிறார், எழுகிறார், நடக்கிறார், அவ்வளவே. பேசாது பொறுத்திருந்த ஒருவருக்குத் தமிழில் இத்துணைப் பெரிய காப்பியம் அமைந்தது வியப்பே!

கிறிஸ்துமஸ் இரவிலும் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் அணைவதில்லை. கோயிலில் நள்ளிரவு வழிபாடு நிகழும்போது, இரவு ஷிப்டில் இருப்போர் அதில் கலந்துகொள்ள இயலாது. அவர்கள் வருந்த வேண்டியதில்லை. பெத்லகேமில் பிறப்புச் செய்தியை முதன்முதல் கேட்ட இடையரும், அந்நேரம் ஆட்டுக்கிடையில் இரவுக்காவலில் இருந்தவர்களே.